மானியத்தில் போட்ட நாடகம்

லீலாவதிக்கு மேடையில் கிழவி வேஷம்தான் ராசி. இளவயதுக்காரியாக அவள் நடித்தபோதெல்லாம் பின்வரிசையில் ஜனங்கள் காப்பி குடிக்க எழுந்து போனார்கள். நரைமுடி டோப்பாவை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றி, மருமகனைப் பார்த்து "ஏப்பா" என்று இழுத்தால் போதும், தில்லி கிட்வாய் நகரே சிரிக்கும். அப்போது அவளுக்கு வயது முப்பத்துநான்கு.

சோழவந்தானிலிருந்து கல்யாணமாகி தில்லிக்கு வந்தவள். கணவர் அய்யாசாமி ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வந்த புதிதில் அவளுக்கு இந்தி தெரியாது. பால் பூத்துக்குப் போனால் விரலைக் காட்டி வாங்கிக்கொண்டு வருவாள். பிறகு டைப்ரைட்டிங் படித்து, அவளும் ஓர் அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆனால் அவள் தலை நிமிர்ந்து நடக்கத் தொடங்கியது வேலையால் அல்ல, தில்லித் தமிழர்களின் அரும்பு நாடக மன்றத்தால்தான். ஒரே ஒரு நாடகத்துக்குப் பிறகு பால் பூத் வரிசையில் நின்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "மாமியாரம்மா, நமஸ்தே" என்று பஞ்சாபிப் பிள்ளைகள்கூடக் கும்பிட்டார்கள்.

மன்றத்தின் காரியதரிசி கஸ்தூரிரங்கன். ஸ்ரீரங்கத்துக்காரர், கணக்குப் பிரிவில் அதிகாரி. நாடகம் எழுதுவது அவர், இயக்குவது அவர், படுதா வாடகைக்கு அலைவதும் அவர்தான். நகர நிர்வாகம் கலைஞர்களுக்கும் கலைச் சங்கங்களுக்கும் மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வருஷா வருஷம் மனுப் போட்டார். வருஷா வருஷம் ஒரே பதில்தான் வந்தது: பிராந்திய மொழி நாடகத்துக்குத் தில்லியில் பார்வையாளர்கள் குறைவு, பரிசீலிக்க இயலாது. அவரும் விடுவதாக இல்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஜனவரியில், குடியரசு தின அணிவகுப்பு முடிந்த வாரத்தில், மானியம் கிடைத்துவிட்டது. ஒத்திகைக்கு வந்தவர்களைக் கஸ்தூரிரங்கன் வாசலிலேயே நிறுத்தி அதைச் சொன்னார்.

"கேட்டேளா? இத்தனை வருஷம் கழிச்சு நம்மளையும் கலைஞன்னு ஒத்துண்டுட்டா!"

எமர்ஜென்ஸி அறிவித்து அரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆபீஸ்களில் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். கேண்டீனில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அந்தச் சமயத்தில் எதிர்பாராமல் ஒரு நல்ல சேதி வந்ததில் லீலாவதிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஜிலேபி வாங்கிக்கொண்டு போனாள்.

மானியத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஏழை மக்கள் இருக்கும் இடங்களுக்குப் போய் இலவசமாக நாடகம் போட வேண்டும். அதைக் கவனிக்க வந்த அதிகாரி மல்ஹோத்ரா. மெதுவாகப் பேசுவார், எல்லோரையும் 'ஜி' போட்டு அழைப்பார், பெண்களைச் சகோதரி முறை வைத்து 'பஹன்ஜி' என்பார். அவர்தான் கஸ்தூரிரங்கனையும் லீலாவதியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முதல் இடத்தைக் காட்டப் போனார்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில், பெரிய கழிவுநீர்க் கால்வாய் ஒன்றின் கரையில், தகரமும் சாக்கும் பழைய செங்கல்லுமாக நூற்றுக்கணக்கான ஜுக்கிக் குடிசைகள் இருந்தன. லீலாவதி ஜீப்பிலிருந்து இறங்கியதுமே திகைத்து நின்றாள். அங்கே எல்லோரும் தமிழ் பேசினார்கள். குழாயடியில் தமிழில் சண்டை நடந்தது. ஒரு குழந்தை தமிழில் அழுதது. கிட்வாய் நகரிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரப் பயணம். இத்தனை வருஷமாக இப்படி ஒரு ஊரே இருப்பது அவளுக்குத் தெரியாது.

இடுப்பில் குடத்துடன் ஒருத்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்த ஊரு நீங்க?" என்று லீலாவதி கேட்டாள்.

"கள்ளக்குறிச்சிப் பக்கம்மா. இங்க எல்லாரும் அங்கதான். கட்டட வேலைக்கி வந்தோம்." அவள் பெயர் செல்வி. "நீங்க யாரும்மா? ரேஷன் கார்டுக்கு வந்தீங்களா?"

"இல்லம்மா. உங்களுக்கு நாடகம் போட வந்திருக்கோம்."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்களுக்கா?"

ஜுக்கிகளுக்கும் ரோட்டுக்கும் அப்பால் ஒரு மைதானம் இருந்தது. மேடையை மைதானத்தின் மேற்குப் பக்கம் போடலாம், சாயங்கால வெயில் நடிகர்கள் கண்ணில் அடிக்காது என்றார் கஸ்தூரிரங்கன். மல்ஹோத்ரா சம்மதிக்கவில்லை. மேடை கிழக்குக் கோடியில்தான் இருக்க வேண்டும், ஏற்பாடு முடிந்துவிட்டது என்றார். குழாய் ஸ்பீக்கர்கள் வரும், ஜெனரேட்டர் வரும், எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்றார். பிறகு லீலாவதி பக்கம் திரும்பி, "எல்லோரும் வரணும், பஹன்ஜி. குழந்தை, கிழவர், ஒருத்தரும் வீட்டில் தங்கக் கூடாது. நாடகம் முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு கம்பளி கொடுக்கிறோம். உங்கள் மொழியில் நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அவளே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "எல்லாரும் வந்துருங்க, கம்பளி குடுக்குறாங்க" என்று வாய் வலிக்கச் சொன்னாள். இவ்வளவு நல்ல மனிதரா என்று திரும்பும் வழியில் அவள் மல்ஹோத்ராவைப் பற்றி நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம். மைதானம் நிரம்பி வழிந்தது. கைக்குழந்தைக்காரிகள் முன்னால் உட்கார்ந்தார்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் வரிசையில் செல்வி தலைக்கு எண்ணெய் தடவிச் சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகனைப் பார்க்க முதல்முறையாகத் தில்லிக்கு வந்து குளிரில் மாட்டிக்கொள்ளும் மாமியாரின் கதை அது. மகனுடைய ஸ்வெட்டர்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு லீலாவதி மேடையில் காலை வைத்ததுமே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது.

"ஏப்பா, இந்த ஊருல சூரியன் கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்கா? காலைல வருது, கையெழுத்துப் போடுது, ஒரு வேலையும் பாக்காமப் போயிருது!"

கிட்வாய் நகரில் இதற்குச் சிரித்தவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சிரித்திருந்தார்கள். இங்கே ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லீலாவதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான் நடித்த நாடகங்களிலேயே இதுதான் சிறந்தது என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. ஸ்பீக்கர் ஒரு பக்கம் முழங்கிற்று, ஜெனரேட்டர் ஒரு பக்கம் இரைந்தது. வெயில் அவள் கண்ணில் நேராக அடித்தது.

அந்த வெயிலில்தான் புழுதி எழும்புவதைப் பார்த்தாள். ஜனங்களின் தலைகளுக்கு மேலே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மஞ்சளாகப் புழுதி எழும்பிற்று. பிப்ரவரியில் ஏது புழுதிக் காற்று என்று எண்ணிக்கொண்டே அடுத்த வசனத்தைச் சொன்னாள். மறுபடியும் சிரிப்பு. புழுதிக்குள் ஒரு தகரக்கூரை சரிந்து விழுந்தது. அதன் பின்னால் புல்டோசர் ஒன்று பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்தது. பக்கத்தில் இன்னொன்று நின்றது. ஜுக்கிகளின் ஒரு வரிசையே இல்லை.

பார்த்துக்கொண்டிருந்தது அவள் மட்டும்தான். அத்தனை ஜனங்களும் தங்கள் வீடுகளுக்கு முதுகைக் காட்டி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வாய் நின்றுவிட்டது. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து, படுதாவுக்குப் பின்னாலிருந்து கஸ்தூரிரங்கன் அடியெடுத்துக் கொடுத்தார். "'கரி அடுப்பு எங்கடா'ன்னு சொல்லுங்கோ... லீலாவதி, கரி அடுப்பு..."

"உங்க வீட்ட இடிக்கிறாங்க" என்றாள் லீலாவதி.

கூட்டம் சிரித்தது.

"யாத்தே, திரும்பிப் பாருங்க! உங்க வீட்டை இடிக்கிறாங்க!"

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தன் வாயிலிருந்து வருவது கிழவியின் குரல் என்று. எத்தனையோ மேடையில் பழகிய அந்த நடுக்கமும் இழுப்பும் அவள் தொண்டையை விட்டுப் போகவில்லை. சொந்தக் குரலில் பேச முயன்றாள், வரவில்லை. டோப்பாவைப் பிய்த்து எறிந்தாள். ஊசி குத்தியிருந்த இடத்தில் முடியும் சேர்ந்து வந்தது. அதற்கும் குழந்தைகள் கைதட்டின. ஸ்வெட்டர்களோடு மேடையின் விளிம்புக்கு வந்து மண்டிபோட்டு, நேரே செல்வியைப் பார்த்தாள். கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

செல்வியின் சிரிப்பு மெல்ல நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் எழுந்த அலறலை லீலாவதி எந்த மேடையிலும் கேட்டதில்லை.

மைதானம் முழுக்கச் செருப்புகள் மட்டும் கிடந்தன. ரோட்டில் எந்நேரம் வந்து நின்றார்களோ, தடிகளோடு போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று ஜனங்களைத் தடுத்தார்கள். குழாய் ஸ்பீக்கரில் யாரோ ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் லாரிகள் நின்றன. யமுனைக்கு அக்கரையில் எல்லோருக்கும் இடம் ஒதுக்கியிருப்பதாக ஒருவர் ஒலிபெருக்கியில் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பளி கொடுக்கிறேன் என்றது பொய்யில்லை. லாரியில் ஏறுகிறவர்களுக்கு, ஏறின பிறகு கொடுத்தார்கள்.

மல்ஹோத்ரா மேடைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லீலாவதி அவர் முன்னால் போய் நின்றாள்.

அவர் கோபப்படவே இல்லை. "நீங்கள் கடைசிவரை நடித்திருக்க வேண்டும், பஹன்ஜி" என்றார் வருத்தமாக. "போன வாரம் வேறோர் இடத்தில் கல்வீச்சு, தடியடி. எத்தனை மண்டை உடைந்தது தெரியுமா? இங்கே ஒருவருக்கும் ரத்தம் வரவில்லை. உங்கள் நாடகத்தால்தான்."

அந்த வார்த்தையை அவள் வீடுவரை சுமந்துகொண்டு போனாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னதும் அய்யாசாமி முதலில் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார்.

"இந்தா பாரு லீலா, இத யார்ட்டயும் சொல்லாத. கேட்டாக்க நான் பாக்கலைன்னு சொல்லிரு. எப்ப யாரத் தூக்கிட்டுப் போவாய்ங்கன்னு தெரியல. நம்ம ரெண்டு பேரும் சர்க்கார் சம்பளக்காரங்க."

"நான்தானங்க வீடு வீடாப் போயிக் கூப்பிட்டேன்" என்றாள் அவள். "ஒருத்தர் விடாம எல்லாரும் வந்துருங்கன்னு, நான்தான சொன்னேன்."

அய்யாசாமி எழுந்துபோய், சாத்திய ஜன்னலுக்குக் கொக்கியும் போட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் யமுனைக்கு அக்கரைக்குப் போனாள். வெறும் பொட்டல். சுண்ணாம்புக் கோடு போட்டுச் சின்னச் சின்னதாக மனை பிரித்திருந்தார்கள். சேலையைக் கட்டி மறைவு செய்துகொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய கணவன் இராஜமாணிக்கம் ஒரு கயிற்றுக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவன். நாடகத்தன்று தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லாமல் வீட்டிலேயே தங்கியவன் அவன்.

"வாங்க நாடகக்காரம்மா" என்றான். கேலி இல்லாமல்தான் சொன்னான். "கட்டிலோட தூக்கியாந்து ரோட்டு ஓரமா வச்சிட்டு, எம் முன்னாடியே வூட்ட இடிச்சாங்க. நீங்க பேசுனதெல்லாம் எனக்கு நல்லாக் கேட்டுச்சும்மா. சூரியன் கையெழுத்துப் போடுதுன்னு சொன்னீங்களே, அதுகூடக் கேட்டுச்சு. நான் கத்துனதுதான் ஒருத்தருக்கும் கேக்கல."

லீலாவதி அந்தக் கட்டில் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழக்கூடத் தனக்கு அங்கே உரிமை இல்லை என்று அவளுக்குப் பட்டது. வெகுநேரம் கழித்து செல்வி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள்.

அதே வாரம் மன்றக் கமிட்டியைத் தன் குவார்ட்டர்ஸில் கூட்டினார் கஸ்தூரிரங்கன். மல்ஹோத்ராவின் ஆபீஸிலிருந்து பாராட்டு வந்திருந்தது. நாடகம் மிகுந்த ஒத்துழைப்புடன் நடந்ததாம், அடுத்த வருஷமும் மானியம் உண்டாம். இரண்டாவது நாடகத்துக்கும் இடம் முடிவாகியிருந்தது. நகரின் வேறொரு கோடியில் இன்னொரு தமிழ் ஜுக்கிக் குடியிருப்பு. கமிட்டியில் ஒருவர் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டார். மற்றவர்கள் தட்டாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லீலாவதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சேர்ந்து சிரித்து, சேர்ந்து சாப்பிட்டு, ஒரே படுதாவுக்குப் பின்னால் நின்றவர்கள்.

"சார், மறுபடியும் போகப் போறோமா?"

"லீலாவதி, நமக்கென்ன தெரியும்? நாம நாடகம்தானே போட்டோம்" என்றார் கஸ்தூரிரங்கன்.

"அன்னைக்குத் தெரியாது சார். இன்னைக்குத் தெரியுமே."

அவர் முகம் வெளிறிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாட்டேன்னா போலீஸுக்கு முதல்ல என் பேர்தான் போகும். நான் காரியதரிசி. ரெண்டு பொண்ணு இன்னும் கல்யாணத்துக்கு நிக்கறது. நீங்க வரவேண்டாம், உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன். உங்க வேஷத்தை வேற யாரையாவது போடச் சொல்றேன். என்னை மன்னிச்சுடுங்கோ."

அவர் கெட்டவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்கு அதிகமாகப் பயம் வந்தது.

மறுநாளே அரைநாள் லீவு போட்டுவிட்டு மறுபடி அக்கரைக்குப் போனாள். செல்வியின் தங்கை அந்த இரண்டாவது ஜுக்கியில்தான் இருக்கிறாள் என்று போன தடவை இராஜமாணிக்கம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான்.

"என்கூட வருவியா செல்வி? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அன்னைக்கும் நம்பல."

வீடு போன பிறகு செல்வி முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "நானும்தான சிரிச்சேன்" என்றாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். அதே மாதிரி கதவுகள், அதே மாதிரி முகங்கள், அவள் சொன்னது மட்டும் வேறு. "நாடகத்துக்குப் போகாதீங்க. கம்பளி குடுத்தாலும் போகாதீங்க. ஒருத்தரும் வீட்ட விட்டு வெளிய வராதீங்க." நம்பாதவர்களிடம் செல்வி பேசினாள். தன் வீட்டுக் கதவு எந்தத் திசையில் இருந்தது, அது எப்படி விழுந்தது என்று சொன்னாள். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை.

நாடகத்தன்று லீலாவதி புறப்பட்டபோது அய்யாசாமியும் செருப்பை மாட்டிக்கொண்டார். "எங்க வர்றீங்க?" என்றாள். "தனியாப் போவாத" என்றார், அவ்வளவுதான். பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

செல்வியின் தங்கை வீட்டு வாசலில் அவர்கள் நின்றார்கள். தூரத்து மைதானத்திலிருந்து ஸ்பீக்கர் அலறிற்று. கஸ்தூரிரங்கனின் குரல் எல்லோரையும் வரவேற்றது. ஒருவரும் போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் நின்றார்கள். சிறிது நேரத்துக்கு அப்புறம் நாடகமும் ஆரம்பித்தது. காலி மைதானத்தைப் பார்த்து யாரோ ஒருவர் மாமியார் வசனத்தைப் பேசினார். சிரிப்புக்கு இடம்விட்டு நிறுத்தினார். சிரிக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் அணைந்தது. மரங்களுக்குப் பின்னால் நின்ற புல்டோசர்கள் உறுமிக்கொண்டு திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

வென்றுவிட்டோம் என்று யாரும் நினைத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே போலீஸ் பட்டாளத்தோடு வந்து அந்த ஜுக்கியையும் இடித்தார்கள். ஆனால் அதற்குள் ஜனங்கள் தயாராகிவிட்டிருந்தார்கள். கதவு, தகரம், அடுப்பு, சாமி படம் என்று எல்லாவற்றையும் தாங்களே கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்களை முன்னதாகவே தூக்கிக்கொண்டு போனார்கள்.

லீலாவதிக்கு ஆபீஸில் ஒரு மெமோ வந்தது. சர்க்கார் ஊழியர் மேலதிகாரியின் அனுமதியின்றிப் பொது மேடையில் நடித்தது ஏன் என்று கேட்டிருந்தது. சர்க்கார் பணத்தில் சர்க்கார் போடச் சொன்ன நாடகம் அது. மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்காமல் போகவே, பக்கத்து சீட்டுக்காரி பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வருஷத்து இன்கிரிமெண்டை நிறுத்திவிட்டார்கள். கஸ்தூரிரங்கன் மன்றத்தைக் கலைத்துவிட்டு, மாற்றல் கேட்டு மதராஸுக்குப் போய்விட்டார். போகும்முன் அவள் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஆட்சி மாறிய பிறகு எமர்ஜென்ஸியில் நடந்த இடிப்புகளைப் பற்றி விசாரணை நடந்தது. நடந்ததைச் சொல்ல யாராவது வருகிறீர்களா என்று கேட்டபோது அவள் போனாள். செல்வியும் வந்தாள். லீலாவதி தன் குரலில், நிறுத்தி நிதானமாக, எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதனால் யாருக்கும் வீடு திரும்பக் கிடைக்கவில்லை. சொல்லிவிட்டு வெளியே வந்தபோது செல்வி, "இப்பவாச்சும் யாரும் சிரிக்கலம்மா" என்றாள்.

அதற்கப்புறம் பல வருஷம் லீலாவதி மேடை ஏறவில்லை. எண்பதுகளின் நடுவில், தமிழ் நாடக அனுபவம் உள்ளவர் என்று யாரோ பெயர் கொடுத்து, மானிய ஆலோசனைக் குழுவில் அவளைச் சேர்த்தார்கள். முதல் கூட்டத்துக்குப் போனவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். தலைமை நாற்காலியில் மல்ஹோத்ரா. தலை நரைத்து, பதவி உயர்ந்து, அதே மென்மையான குரல்.

"ஆயியே, லீலாவதிஜி!" என்று எழுந்து கைகூப்பினார். மற்றவர்களிடம் பெருமையோடு திரும்பினார். "இவர் எப்பேர்ப்பட்ட நடிகை தெரியுமா? ஒரு நாடகத்தில் டோப்பாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு மண்டிபோட்டார் பாருங்கள், இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படி ஓர் இயல்பு! லீலாவதிஜி, அது நாடகத்திலேயே இருந்த கட்டமா, இல்லை நீங்களாகச் சேர்த்ததா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். புழுதியும் லாரியும் அலறலும் அவர் நினைவில் எங்கோ உதிர்ந்துபோய், நல்ல நடிப்பு ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த மைதானத்தில் அதிர்ந்ததைவிட லீலாவதி இப்போது அதிகமாக அதிர்ந்தாள்.

பிறகு, உட்காராமலே, அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அன்று என்ன நடந்தது என்று இந்தியில் சொன்னாள். கம்பளி, கட்டில், அக்கரைப் பொட்டல் ஒன்றையும் விடவில்லை. அவள் முடித்தபோது டீ கொண்டுவந்த ஆள்கூடத் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். மல்ஹோத்ரா ஜன்னலைப் பார்த்தார். "அந்தக் காலத்தில் எல்லோரும்தான் செய்தார்கள்" என்றார்.

எங்கே நடிப்பது, யாரை அழைப்பது என்பதை மானியம் பெறும் குழுதான் முடிவு செய்ய வேண்டும், கொடுப்பவர் அல்ல என்று ஒரு விதி வேண்டும் என்றாள் லீலாவதி. இரண்டு பேர் எதற்கு இதெல்லாம் என்று முனகினார்கள். விதி சேர்ந்துவிட்டது. மல்ஹோத்ராவும் கை தூக்கினார்.

அவள் அந்தக் குழுவில் நாலைந்து வருஷம் இருந்தாள். விதியை மட்டும் அவள் நம்பவில்லை. எந்தக் குழு எந்த மைதானத்தில் நாடகம் போடப் போகிறதோ, அங்கே முதலில் அவளே பஸ் பிடித்துப் போவாள். மேடை எங்கே வருகிறது, ஜனங்கள் எங்கே உட்காருவார்கள், அவர்கள் வீடு எந்தப் பக்கம் என்று நடந்து பார்ப்பாள். அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் பேச்சுக் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவாள். அய்யாசாமி சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்.